ஆங்கிலச் சொற்பட்டியலில் அழுத்தக் குறி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் வாரந்தோறும் வெளிவரும் ஆங்கிலச் சொற்பட்டியல் குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன். ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரே அதன் பொருளையும், அதை எப்படி உச்சரிப்பது என்பதைத் தமிழ் எழுத்திலும் தருகிறீர்கள். பொருள் பெரும்பாலும் குறையில்லாமல் இருக்கிறது. உச்சரிப்பு வடிவத்தில்தான் எனக்கு முறைப்பாடு உண்டு. நான்கு, ஐந்து, ஆறு அசைகளைக் கொண்ட நெடிய சொற்கள் எத்தனை அசைகளாகப் பிரிகின்றன என்பதும், அவற்றுள் எந்த அசையில் குரல் ஊன்ற வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் எங்கும் காட்டப்படுவதில்லை. ஒரு சிறு கோட்டினால் இதைத் தீர்க்கலாம் என்பதே என் கோரிக்கை. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

பட்டினத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய குறையாகத் தோன்றாமல் இருக்கலாம். அங்கே பிள்ளை ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னால் திருத்துவதற்கு வீட்டிலோ ரியூற்றரி என்னும் தனியார் வகுப்பிலோ யாராவது ஒருவர் இருப்பார். எங்கள் வன்னியில் துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி ஆகிய இடங்களிலிருந்து உள்ளே விலகிக் கிடக்கும் கிராமங்களில் நிலைமை வேறு. ஆங்கில ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டால் அடுத்தவர் வந்து சேரும்வரை தங்கள் பக்கந்தான் ஆசிரியர். அதைக் கத்தரித்து அப்பியாசக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆகவே அதில் அச்சாகும் வடிவம் அப்படியே அவர்களுடைய வாயில் படிந்துவிடுகிறது.

தரம் 8இல் படிக்கும் மாணவி ஒருத்தியின் பாடநூலை அண்மையில் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு நெடிய சொல்லுக்கும் கீழே, இரண்டு வரிகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய வெளியில், பென்சிலால் நுணுக்கித் தமிழில் எழுதி வைத்திருந்தாள்: “டெவலப்மென்ட்”, “டிடெர்மைன்”, “எக்கோனமி”. பிறகு அவற்றைப் பார்த்து வாசித்தாள். ஒவ்வோர் எழுத்துக்கும் அதற்குரிய மாத்திரையைக் குறையாமல் கொடுத்தாள்; சொல்லின் முதலசையில் மட்டும் சற்று ஊன்றினாள்; நெடிலை நீட்டினாள், குறிலைக் குறுக்கினாள். தமிழ் எழுத்தை எப்படி வாசிக்க வேண்டுமோ அப்படியே வாசித்தாள். அவள் வாசித்த மூன்று சொற்களிலும் அழுத்தம் இரண்டாம் அசையில் இருக்க வேண்டியது என்பதை அந்தப் பென்சில் எழுத்திலிருந்து அவள் அறிந்துகொள்ள வழியே இல்லை.

தமிழில் சொற்களை வேறுபடுத்துவது நீளம். கல், கால் என்பவற்றையும், படு, பாடு என்பவற்றையும் பிரிப்பது குறிலும் நெடிலுமே ஒழிய, குரல் எங்கே ஓங்கிற்று என்பதன்று. எந்த அசையை ஓங்கிச் சொன்னாலும் சொல் மாறிவிடாது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு பல்லசைச் சொல்லுக்கும் ஓர் அசை தலைமை பெறுகிறது. அந்த அசை சற்று உரத்தும் நீண்டும் ஒலிக்கும். குரலின் சுருதி அங்கே மாறும். அதிலுள்ள உயிரொலி முழுமையாகக் கேட்கும். மற்ற அசைகளின் உயிரொலிகள் பெரும்பாலும் சுருங்கி, அகரமும் அல்லாத, உகரமும் அல்லாத ஒரு மங்கலான ஒலியாகப் போய்விடும். ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி இந்த மங்கலான ஒலிதான். ஆனாலும் ஆங்கில நெடுங்கணக்கில் அதற்கென்று தனி எழுத்து இல்லை. ஐந்து உயிரெழுத்துகளில் எதுவும் அதற்காக நிற்கலாம். கண்டி வீதியில் ஓடும் கடுகதிப் பேருந்து கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் வவுனியாவிலும் நின்று ஆறுதலாக ஆட்களை ஏற்றிக்கொண்டு, இடையிலுள்ள சந்திகளை விரைந்து கடப்பதைப் போன்றது ஆங்கில நெடுஞ்சொல். நாங்கள் அதை எல்லாத் தரிப்பிடத்திலும் நிறுத்துகிறோம்.

உயிரொலி சுருங்குவது எங்களுக்கு அறவே புதிய சங்கதி அன்று என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். காடு, பாட்டு, வயிறு ஆகிய சொற்களின் ஈற்றில் நிற்கும் உகரத்தை யாரும் முழுமையாக ஒலிப்பதில்லை. தொல்காப்பியம் அதைக் குற்றியலுகரம் என்று தனியே பிரித்து, அரை மாத்திரை என்று அளவும் கொடுத்திருக்கிறது. ஐகாரமும் சொல்லின் இடையிலும் கடையிலும் குறுகும். ஆகவே எழுத்து முழுதாக நிற்க, ஒலி பாதியாகக் குறைவது தமிழ் வாய்க்குப் பழகிய செயலே. அந்தப் பழக்கத்தைச் சொல்லின் ஈற்றிலிருந்து எடுத்து ஆங்கிலச் சொல்லின் நடுவிலும் முதலிலும் பயன்படுத்தச் சொல்வதுதான் பாடம். இப்படிச் சொன்னால் பிள்ளைகள் விளங்கிக்கொள்கிறார்கள். “மெதுவாகச் சொல், வேகமாகச் சொல்” என்று சொல்வதால் பயன் அதிகம் இல்லை.

முதலில் செய்ய வேண்டியது அசையை எண்ணுதல். இதற்கு எழுத்தைப் பார்க்கக்கூடாது, உயிரொலியைக் கேட்க வேண்டும். கையைத் தாடைக்குக் கீழே விரித்து வைத்துக்கொண்டு சொல்லைச் சொல்லும்படி பிள்ளைகளிடம் கூறினால், ஒவ்வோர் உயிரொலிக்கும் தாடை ஒரு தரம் கையில் இடிக்கும். எத்தனை இடியோ அத்தனை அசை. பலம் என்று பொருள்படும் “ஸ்ட்ரெங்த்” என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுத எட்டு எழுத்துகள் வேண்டும்; அதில் அசை ஒன்றே. “ஐடியா” என்று நாங்கள் நாளாந்தம் வழங்கும் சொல்லுக்கு நான்கு எழுத்துகள் போதும். அதில் அசை மூன்று, அழுத்தம் நடுவில். எழுத்தின் தொகைக்கும் அசையின் தொகைக்கும் தொடர்பில்லை என்பதை இந்த இரண்டு சொற்களை மட்டும் வைத்துக் காட்டிவிடலாம்.

தாடையில் கை வைத்து எண்ணும்போது இன்னொன்றும் வெளிப்படும். தமிழ்ச்சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்பதால் நாங்கள் பள்ளிக்கூடத்தை “இஸ்கூல்” என்றும், பேருந்து நிலையத்தை “பஸ் இஸ்ராண்ட்” என்றும் சொல்கிறோம். ஓர் அசை இரண்டாகிவிடுகிறது. “ஃபில்ம்” என்ற ஓரசைச் சொல் எங்கள் வாயில் “பிலிம்” என்று ஈரசை ஆகிறது. இதற்கு மாறாக, எழுத்தை நம்பி நாங்கள் நீட்டும் சொற்களை ஆங்கிலேயர் சுருக்குகிறார்கள். மரக்கறியைக் குறிக்கும் சொல்லை நாங்கள் “வெஜிடபிள்” என்று நான்கு அசைகளில் சொல்ல, அவர்கள் “வெஜ்-ட-பிள்” என்று மூன்றோடு முடிப்பார்கள். சொக்லேட் இரண்டசை. புதன்கிழமைக்கான ஆங்கிலச் சொல் எழுத்தில் எவ்வளவு நீண்டாலும் பேச்சில் இரண்டசையே.

இங்கே தமிழாசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. யாப்பில் சொல்லும் அசையும் ஆங்கிலத்தில் எண்ணும் அசையும் ஒன்றல்ல. “மலர்” என்பது யாப்பில் ஒரே நிரையசை. தாடைக் கணக்கில் அது இரண்டு. புளிமா, தேமா என்று வாய்பாடு கற்ற பிள்ளை அந்தக் கணக்கை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தால் தொகை பிழைக்கும். சொல்லைத் துண்டாக்கிக் காதால் அளக்கும் பழக்கத்தைத் தந்ததற்காக யாப்புக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். அளவுகோல் மட்டும் வேறு.

ஓர் அசை சரியாக எந்த எழுத்தில் முடிந்து அடுத்தது எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதில் அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. ஓர் அகராதி ஒரு மெய்யை முன்னசையோடு சேர்க்கும், இன்னோர் அகராதி பின்னசையோடு சேர்க்கும். சில அகராதிகளில் சொல்லின் நடுவே காணப்படும் புள்ளிகள் வரியின் கடைசியில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று அச்சுக்கோப்பவருக்குக் காட்டுவதற்கே வைக்கப்பட்டவை. ஒலியின் எல்லையோடு அவை எப்போதும் பொருந்துவதில்லை. இந்தச் சச்சரவுக்குள் பிள்ளைகளை இழுக்க வேண்டியதில்லை. எத்தனை அசை, எந்த அசையில் அழுத்தம் என்ற இரண்டும் தெரிந்தால் போதும்.

அழுத்தத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை, ஒவ்வொரு சொல்லாக மனனம் செய்யத்தான் வேண்டும் என்று ஆசிரியர்களுள் சிலர்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். குறுகிய சொற்களைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை உண்டு. நெடிய சொற்களைப் பொறுத்தவரை அது சரியன்று. சொல் நீள நீள அழுத்தத்தை ஊகிப்பது எளிதாகிறது. ஏனென்றால் நெடிய சொற்கள் பெரும்பாலும் விகுதி சேர்ந்து நீண்டவை. விகுதியே அழுத்தத்தின் இடத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே சொல்லின் தலையை விட்டுவிட்டு வாலிலிருந்து எண்ண வேண்டும். அழுத்தம் பெறும் அசைக்கு முன்னே மேற்புறத்தில் சிறு கோடு இட்டு, சில சொற்களைக் காட்டுகிறேன்.

“ஷன்” என்று முடியும் சொற்களில் அழுத்தம் அந்த “ஷன்” அசைக்கு உடனே முன்னுள்ள அசையில் விழும். மீள்குடியேற்றக் காலத்தில் பிரதேச செயலகத்துக்கு அலைந்த எந்தக் குடும்பத்துக்கும் இந்தச் சொற்கள் புதியவை அல்ல: அப்-ளி-'கே-ஷன், ரெ-ஜிஸ்-'ட்ரே-ஷன், கொம்-பென்-'சே-ஷன், ரீ-ஹ-பி-லி-'டே-ஷன். கடைசிச் சொல்லில் ஆறு அசைகள் இருக்கின்றன. அதைக் கண்டு மலைக்கும் பிள்ளைக்கு வாலிலிருந்து இரண்டாவது என்று ஒருமுறை காட்டிவிட்டால் பிறகு மலைப்பில்லை. இரணைமடுக் குளத்தையும் முத்தையன்கட்டுக் குளத்தையும் பற்றி எழுதும்போது வரும் நீர்ப்பாசனச் சொல்லும் இ-ரி-'கே-ஷன் என்று இதே வரிசையில் சேர்கிறது.

“இக்” என்று முடிந்தாலும் அழுத்தம் அதற்கு முன்னசையில் நிற்கும். “இட்டி” என்று முடிந்தாலும் அவ்வாறே: மின்சாரம் இ-லெக்-'ட்ரி-சி-டி, பொறுப்பு ரிஸ்-பொன்-ச-'பி-லி-டி. “லொஜி”, “கிரஃபி”, “நொமி”, “கிரசி” என்று முடியும் பாடப்பெயர்களிலும் கோட்பாட்டுப் பெயர்களிலும் வாலிலிருந்து மூன்றாவது அசை ஓங்கும்: டெக்-'நொ-ல-ஜி, ஜி-'ஒக்-ர-ஃபி, இ-'கொ-ன-மி, டி-'மொக்-ர-சி. க.பொ.த. (கல்விப் பொதுத் தராதர) உயர்தரத்தில் எந்தப் பிரிவை எடுத்த மாணவராயினும் இந்தக் கடைசி வரிசையிலிருந்து தம் பாடத்தின் பெயரையோ பாடத்தின் உள்ளே வரும் பெயரையோ கண்டுகொள்வார்.

இந்த விதிகளின் பயன் சொற்குடும்பங்களில்தான் நன்றாகத் தெரியும். அரசியல் என்ற பொருளில் 'பொ-லி-டிக்ஸ், அரசியல் சார்ந்த என்ற பொருளில் ப-'லி-டி-கல், அரசியல்வாதி பொ-லி-'டி-ஷன். ஒரே வேரிலிருந்து வந்த மூன்று சொற்களில் அழுத்தம் ஒன்று, இரண்டு, மூன்று என்று நகர்ந்து போகிறது. (அரசியல்வாதியே அப்படி நகர்பவர்தான் என்று உயர்தர வகுப்பில் ஒரு மாணவன் சொன்னான், அதன் பின்னர் அந்த வகுப்பில் யாரும் அச்சொல்லைப் பிழைவிடவில்லை.) விவசாயம் 'அக்-ரி-கல்-சர், விவசாயம் சார்ந்தது என்று விகுதி சேர்ந்தவுடன் அக்-ரி-'கல்-ச-ரல். மின்னுக்குரிய என்ற பொருளில் இ-'லெக்-ட்ரிக், மின்னிணைப்பாளர் இ-லெக்-'ட்ரி-ஷன். புகைப்படம் 'ஃபோ-ட-க்ராஃப்; புகைப்படக் கலை ஃப-'டொக்-ர-ஃபி; கலை சார்ந்தது ஃபோ-ட-'க்ரா-ஃபிக். இந்த மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால், அழுத்தம் விலகிய அசையின் உயிரொலி சுருங்குவதும், அழுத்தம் வந்து சேர்ந்த அசையின் உயிரொலி விரிவதும் காதில் தெளிவாக விழும். இதைத் தமிழெழுத்தில் “போட்டோகிராப்”, “போட்டோகிராபி”, “போட்டோகிராபிக்” என்று எழுதிவிட்டால் மூன்றும் ஒரே சொல்லின் வால் நீட்டம்போலத் தோன்றும்.

எல்லா விகுதியும் அழுத்தத்தை நகர்த்துவதில்லை. “மன்ட்”, “நெஸ்”, “ஃபுல்”, “லி”, “இங்” ஆகியவை சேர்ந்தாலும் அடிச்சொல்லின் அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். டி-'வெ-லப் என்பது டி-'வெ-லப்-மன்ட் ஆகும். மீள்குடியேற்றமும் அப்படித்தான், ரீ-'செ-டில்-மன்ட். எங்கள் பகுதியில் எந்தக் கூட்டத்திலும் இந்த இரண்டு சொற்களும் பேசப்படாமல் இருப்பதில்லை. இரண்டையும் முதலசையில் அழுத்திப் பேசுவதே வழக்கமாகிவிட்டது.

விலக்குகள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 'பொ-லி-டிக்ஸ் என்ற சொல்லே “இக்” விதிக்கு அடங்கவில்லை என்பதைக் கூர்ந்த வாசகர் மேலேயே கண்டிருப்பார். அரபு மொழியின் ஆங்கிலப் பெயரும் கத்தோலிக்கருக்கான ஆங்கிலச் சொல்லும் முதலசையில் அழுத்தம் பெறுகின்றன. தொலைக்காட்சி “ஷன்” என்று முடிந்தும் பெரும்பாலும் 'டெ-லி-வி-ஷன் என்றே ஒலிக்கிறது. “ஈ” என்று முடியும் சொற்கள் அந்த ஈற்றசையிலேயே ஊன்றும். அகதி என்ற சொல் ரெ-ஃப்யு-'ஜீ. ஆனால் கமிற்றி என்று எங்கள் ஊரில் வழங்குவது அந்த விதிக்குப் பிடிகொடாமல் க-'மி-டி என்று நிற்கும். விலக்குகளைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்பது தேவையற்ற அச்சம். பெருவாரியான சொற்களுக்குப் பொருந்தும் விதியைப் பிடித்துக்கொண்ட பிள்ளை விலக்கை ஒரு வேடிக்கையாகவே நினைவில் வைத்திருக்கும்.

பெயராகவும் வினையாகவும் வழங்கும் சில ஈரசைச் சொற்கள் நெடியவை அல்ல என்றாலும், அழுத்தத்தின் ஆட்சியைக் காட்ட அவற்றைவிட நல்ல சான்று இல்லை. பதிவேடு என்ற பெயராக 'ரெ-கோட். பதிவு செய் என்ற வினையாக ரி-'கோட். மணல் அள்ளுவதற்கும் மரம் ஏற்றுவதற்கும் கையில் வைத்திருக்கும் பெர்மிட் பெயராகும்போது முதலசையில் ஊன்றும், அனுமதி என்ற வினையாகும்போது இரண்டாமசையில் ஊன்றும். இதை எல்லாச் சொல்லுக்கும் நீட்டிவிடக்கூடாது. அறிக்கை என்ற சொல் பெயரானாலும் வினையானாலும் ரி-'போட் என்றே இருக்கும். “ஏட்” என்று முடியும் சொற்களில் அழுத்தம் மாறாமல் ஈற்றுயிர் மட்டும் மாறுவதும் உண்டு. வீட்டுத் திட்டத்துக்கு மதிப்பீடு செய்தல் என்ற வினை 'எஸ்-டி-மேட்; கையில் தரும் மதிப்பீடு என்ற பெயர் 'எஸ்-டி-மட். மேசன்மாரும் ஒப்பந்தகாரரும் இரண்டையும் “எஸ்ரிமேற்” என்பார்கள். வேலை நடக்கும் இடத்தில் அதனால் யாருக்கும் நட்டமில்லை.

உச்சரிப்பை விட எழுத்துக்கூட்டலே முக்கியம், பரீட்சை எழுத்தில்தானே நடக்கிறது என்று பெற்றோர் கேட்கலாம். க.பொ.த. சாதாரண தர ஆங்கிலம் நெடுங்காலமாக எழுத்துப் பரீட்சையாகவே நடந்து வந்திருப்பதால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. அழுத்தம் தெரிந்தால் எழுத்துக்கூட்டலும் திருந்தும் என்பதே அதற்கு என் மறுமொழி. இலக்கணம் என்று பொருள்படும் 'க்ரா-மர் என்ற சொல்லின் ஈற்றசையில் ஆங்கில ஏ (a) எழுத்து வருமா, ஈ (e) எழுத்து வருமா என்று பெரியவர்களும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் அந்த உயிரொலி சுருங்கி அடையாளம் இழந்துவிட்டது. அதன் குடும்பத்திலிருந்து க்ர-'மா-டி-கல் என்ற சொல்லை எடுத்துவந்தால், அழுத்தம் அந்த அசைக்கு வந்து, ஏ எழுத்து தன்னை வெளிக்காட்டிவிடும். நிச்சயமான என்று பொருள்படும் 'டெ-ஃபி-நட் என்பதன் கடைசி அசையில் வரும் ஐ (i) எழுத்தை, வரைவிலக்கணம் என்று பொருள்படும் டெ-ஃபி-'நி-ஷன் காட்டிக்கொடுக்கும். போட்டி என்ற கொம்-ப-'டி-ஷன் என்பதன் இரண்டாம் அசையில் எந்த எழுத்து என்ற ஐயத்தைப் போட்டியிடு என்ற கம்-'பீட் தீர்த்துவைக்கும். மங்கிய உயிரை அறிய, அது அழுத்தம் பெறும் உறவுச் சொல்லைத் தேடு என்ற இந்த ஒரு வழியால் நீங்கும் எழுத்துப்பிழைகள், ஒரு சொல்லைப் பத்துத் தரம் எழுது என்ற தண்டனையால் நீங்குவதைவிட அதிகம்.

பரீட்சைக்கு அப்பாலும் பார்க்க வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021ஆம் ஆண்டு தனிப் பல்கலைக்கழகமாயிற்று. உயர்தரம்வரை தமிழில் படித்த எங்கள் பிள்ளைகள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள இவ்விடங்களுக்குள் நுழைந்தவுடன் விரிவுரையை ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். அவர்களுடைய முதலாவது இடர் பேசுவதில் இல்லை, கேட்பதில்தான். ஒளித்தொகுப்பு என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் புத்தகத்தில் பலமுறை வாசித்திருப்பார்கள். விரிவுரையாளர் ஃபோ-டோ-'சின்-த-சிஸ் என்று நடுவசையில் ஊன்றி மற்றதைச் சுருக்கிச் சொன்னதும் அது தாம் அறிந்த சொல்தான் என்று காது ஒப்புக்கொள்ளாது. அந்தச் சொல்லைத் தேடி நிற்கும் கணத்தில் அடுத்த வாக்கியம் போய்விடும். எந்த அசை ஓங்கும் என்று எதிர்பார்க்கப் பழகிய காதுக்கு இந்தத் தடுமாற்றம் குறைவு.

இலங்கைத் தமிழர் ஆங்கிலேயரைப்போலப் பேச வேண்டுமா என்ற கேள்வியும் எழும். வேண்டியதில்லை. இலங்கை ஆங்கிலத்துக்கென்று ஓசை உண்டு, அது குறையுமன்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே எல்லாச் சொல்லிலும் ஒத்துப்போவதில்லை: ஆய்வுகூடம் பிரித்தானியருக்கு ல-'பொ-ர-ட-ரி, அமெரிக்கருக்கு 'லா-ப்ர-டோ-ரி; விளம்பரம் பிரித்தானியருக்கு அட்-'வே-டிஸ்-மன்ட், அமெரிக்கருக்கு அட்-வ-'டைஸ்-மன்ட். ஆயினும் இத்தகைய வேறுபாடுகள் சொற்பமே. பெரும்பாலான நெடுஞ்சொற்களில் இலண்டன்காரருக்கும் நியூயோர்க்காரருக்கும் கொழும்பிலுள்ள ஆங்கிலச் செய்தி வாசிப்பாளருக்கும் அழுத்தம் ஒரே அசையிலேயே விழுகிறது. ரகரத்தை எப்படி உருட்டுவது, டகரத்தை எப்படித் தட்டுவது என்பவற்றில் நாங்கள் எங்கள் வழியில் இருந்துவிடலாம், கேட்பவர் பொறுத்துக்கொள்வார். அழுத்தம் இடம் மாறினால்தான் கேட்பவர் வேறொரு சொல்லைத் தேடப் போய்விடுவார்.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். சொற்பட்டியலில் மூன்று அசைகளும் அதற்கு மேலும் கொண்ட சொற்களை மட்டுமாவது இடைக்கோடிட்டு அசை பிரித்து, அழுத்தம் பெறும் அசைக்கு முன்னே மேற்புறத்தில் ஒரு சிறு கோட்டை இட்டு அச்சிட வேண்டும். இது என் கண்டுபிடிப்பன்று. 1886இல் பாரிசில் தோன்றிய அனைத்துலக ஒலியியல் சங்கத்தின் குறியீட்டு முறையில் இன்று வழங்கும் குறியே இது. பிரித்தானிய அகராதிகளிலும், கைத்தொலைபேசி அகராதிகள் பலவற்றிலும் பிள்ளைகள் பின்னர் இதையே காண்பார்கள். அமெரிக்க அகராதிகள் சிலவற்றில் குறி அசைக்குப் பின்னே வரும் என்பதால், பட்டியலின் தலையில் “கோட்டுக்கு அடுத்து வரும் அசையை அழுத்துக” என்று ஒரு வரி போட்டுவிடுவது நல்லது. நெடிய சொற்களில் கீழ்ப்புறத்தில் இடப்படும் துணையழுத்தக் குறி மாணவர் பக்கத்துக்கு இப்போதைக்கு வேண்டாம். ஒலியியல் எழுத்துகளையும் தரம் 6 பிள்ளைக்கு முன்னால் கொட்ட வேண்டியதில்லை. தமிழ் எழுத்தே இருக்கட்டும். மங்கிய உயிர் வரும் இடத்தில் ஏகாரமும் ஓகாரமும் போடாமல் அகரத்தைப் போட்டாலே பாதி திருத்தம் கிடைத்துவிடும். “டெவலப்மென்ட்” என்பதற்குப் பதிலாக “டி-'வெ-லப்-மன்ட்” என்று அச்சிட எத்தனை எழுத்து மேலதிகமாகத் தேவை என்பதைத் தங்கள் பக்க வடிவமைப்பாளரே சொல்லட்டும்.

சொற்களை அடுக்கும் முறையிலும் ஒரு மாற்றம் செய்யலாம். இப்போது ஆங்கில அகரவரிசைப்படி வெவ்வேறு சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒரு வாரம் “ஷன்” சொற்கள், அடுத்த வாரம் “இட்டி” சொற்கள், பிறிதொரு வாரம் ஒரு வேரிலிருந்து கிளைத்த சொற்குடும்பம் என்று ஈற்றைக்கொண்டு தொகுத்தால், பிள்ளைகள் விதியைத் தாங்களே கண்டெடுப்பார்கள். ஆசிரியர் இல்லாத வகுப்பிலும் இதை நடத்தலாம். வாயை மூடிக்கொண்டு சொல்லின் ஓசையை மட்டும் முனகி, எந்தச் சொல் என்று மற்றவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்வது பிள்ளைகள் விரும்பும் விளையாட்டு. மூன்றாவது முனகல் ஓங்கினால் அப்ளிகேஷன், இரண்டாவது ஓங்கினால் எக்கோனமி. கைத்தொலைபேசி உள்ள வீடுகளில் அகராதியின் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டுச் சொல்லைக் கேட்டு, அச்சிலுள்ள கோட்டோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

ஆங்கில ஆசிரிய ஆலோசகர்களும் தங்கள் வலயப் பாடசாலைகளுக்குத் தயாரிக்கும் பயிற்சித்தாள்களில் இந்த முறையைக் கையாள்வார்களாயின், பத்திரிகையிலும் வகுப்பிலும் பிள்ளைகள் ஒரே குறியைக் காண்பார்கள். மாணவர் பக்கத்தைத் தொகுப்பவர் விரும்பினால், க.பொ.த. சாதாரண தரப் பாடநூலில் வரும் நெடிய சொற்களை ஈறு வாரியாகப் பிரித்து, அழுத்தக் குறியிட்டு, முதல் சில வாரங்களுக்குத் தேவையான பட்டியலை நான் எழுதி அனுப்பச் சித்தமாக இருக்கிறேன். சன்மானம் எதுவும் வேண்டியதில்லை. அச்சுக்குப் போகுமுன் கோடுகள் சரியான அசைக்கு முன்னால் விழுந்திருக்கின்றனவா என்று ஒருமுறை பார்வையிட அனுமதித்தால் போதும்.

இங்ஙனம்,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
மல்லாவி.